சாஃப்டா அமைச்சர் அவை கூடாவிட்டால் யாருக்கு நட்டம்?

மே 6, மாலை (வாசகர் ஒருவர் கேட்டது)

தென்னாசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கே படுத்துவிட்டது. அதன் சுதந்திர வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டாவின் அமைச்சர் அவை கூடினால் என்ன, கூடாவிட்டால் என்ன? நாலு விமான டிக்கெட், ஒரு குரூப் போட்டோ, ஒரு கூட்டறிக்கை. இந்தியாவோடு இலங்கைக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது, பாகிஸ்தானோடும் இருக்கிறது. இதை இன்னும் பெரிய விஷயமாகப் பேசுகிறவர்கள் எதற்குப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மே 6, இரவு

நட்டம் யாருக்கு என்றால், பங்களாதேஷுக்கும் நேபாளத்துக்கும் சாமான் அனுப்புகிற சின்ன ஏற்றுமதியாளருக்கு. இந்தியாவோடு 1998 டிசம்பர் 28இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இருக்கிறது, பாகிஸ்தானோடு 2005 ஜூனில் நடைமுறைக்கு வந்தது இருக்கிறது, அதெல்லாம் சரி. டாக்காவிலிருந்து ஒருவர் ஓடர் தந்தால் எந்த ஒப்பந்தத்தில் அனுப்புவீர்கள்? அந்த நாட்டோடு நமக்கு இருதரப்பு ஒப்பந்தம் கிடையாது. சாஃப்டா, இல்லையென்றால் ஆப்டா என்கிற ஆசிய பசுபிக் வர்த்தக ஒப்பந்தம். ஆப்டாவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நான் கொழும்பில் பழைய சோனகத் தெருப் பக்கம் மிளகு, சாதிக்காய் மாதிரி வாசனைத் திரவியம் ஏற்றுமதி செய்கிற இடத்தில் டொக்கியுமென்ட் வேலை பார்க்கிறேன். இன்வொய்ஸ், பக்கிங் லிஸ்ட், சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டித் தீர்வைச் சலுகை கேட்கிற உற்பத்தி மூலச் சான்றிதழ் எல்லாம் என் மேசையால்தான் போகும். அமைச்சர்களின் கூட்டம் எனக்குத் தொலைக்காட்சிச் செய்தி இல்லை. அவர்கள் அங்கே முடித்ததும் முடிக்காமல் விட்டதும் கொஞ்ச நாளில் என் மேசைக்கு வந்து சேரும்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 2004 ஜனவரி 6இல் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தானது, 2006 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. பத்தாம் உறுப்புரைதான் இந்த அவையை உண்டாக்குகிறது. ஒப்பந்தத்தை நடத்துகிற ஆக உயர்ந்த முடிவெடுக்கும் சபை என்று அதில் எழுதியிருக்கிறது. வர்த்தக அமைச்சர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும், தலைமைப் பதவி ஆங்கில அகரவரிசைப்படி ஆண்டுக்கொரு நாடாகச் சுற்ற வேண்டும். அவைக்குக் கீழே நிபுணர் குழு. அது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கூடி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அமைச்சர்களுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். இதெல்லாம் விருப்பப்பட்டால் செய்கிற காரியங்கள் இல்லை, நாமும் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டவை.

மே 7, காலை

ஒருவர் தனிச் செய்தியில், “உச்சி மாநாடு நடக்காமல் அமைச்சர் அவை எப்படிக் கூடும்?” என்று கேட்டிருக்கிறார். நிறையப் பேர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் இங்கேயே எழுதுகிறேன். அவை கூடுவதற்கு உச்சி மாநாடு நடந்திருக்க வேண்டும் என்று பத்தாம் உறுப்புரையில் எங்கேயும் இல்லை. கடைசி உச்சி மாநாடு 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்தது. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது காஷ்மீரில் உரி இராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குப் பிறகு நின்றுபோனது. நின்றது தலைவர்களின் மாநாடு. வர்த்தக அமைச்சர்கள் கூடக்கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் கூடுவது தானாகவே ஓய்ந்துவிட்டது, எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

மே 8

முதலில் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: கூடினால் உன் மேசையில் என்ன மாறும், ஒரு உதாரணம் சொல்.

சொல்கிறேன். உலகச் சுங்க அமைப்பு பொருள்களுக்குக் கொடுக்கிற எச்.எஸ். இலக்கத்தைக் காலத்துக்குக் காலம் திருத்தும். 2002, 2007, 2012, 2017, 2022 என்று பதிப்புகள் வந்திருக்கின்றன. சாஃப்டா தொடங்கிய நேரம் கறுவாவும் அதைப் போலிருக்கிற காசியாப் பட்டையும் 0906.10 என்ற ஒரே இலக்கத்துக்குள் கிடந்தன. 2007 பதிப்பு அதைப் பிரித்தது. நம் நாட்டுக் கறுவா 0906.11க்குப் போனது, மற்றவை 0906.19க்குப் போயின. இது நமக்குப் பெரிய விஷயம், காரணம் உலகச் சந்தையில் காசியாவை மலிவு விலைக்கு விற்று நம் கறுவாவின் பெயரில் வாழ்கிறவர்கள் ஏராளம். பிறகு 2012 பதிப்பில் கராம்புக்கும் சாதிக்காய்க்கும் அதே கதை நடந்தது. அதுவரை கராம்பு முழுக்க 0907.00. அதற்குப் பிறகு இடிக்காதது 0907.10, இடித்தது 0907.20. சாதிக்காய் 0908.10 என்றிருந்தது 0908.11, 0908.12 என்று இரண்டாகிவிட்டது.

இப்போது ஒப்பந்தத்துக்கு வாருங்கள். எந்தப் பொருளுக்குச் சலுகை, எந்தப் பொருள் சலுகை கிடையாத எதிர்மறைப் பட்டியலில் என்பதெல்லாம் இந்த இலக்கங்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இலக்கம் மாறினால் பட்டியலையும் புதிய இலக்கத்துக்கு மாற்றி எழுத வேண்டும், எல்லா நாடும் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நிபுணர்கள் உட்கார்ந்து சரிபார்த்து அமைச்சர்களிடம் கொடுத்து முடிக்கிற வேலை இது. இதில் அரசியல் ஒன்றுமில்லை, வெறும் கணக்குப்பிள்ளை வேலை. அந்த வேலை பிந்துகிற காலத்தில் இங்கே புதிய இலக்கத்தோடு சான்றிதழ் எழுதுவோம், அங்கே சுங்க அதிகாரி கையில் பழைய பட்டியல் இருக்கும்.

எங்கள் சாதிக்காய்ச் சரக்கு ஒன்று அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இப்படித்தான் நின்றது. சான்றிதழில் பிழை இல்லை. முத்திரை சரி, கையெழுத்து சரி, முழுக்க இங்கேயே விளைந்தது என்பதற்குப் போடுகிற ‘ஏ’ எழுத்தும் சரியான கட்டத்தில் இருந்தது. இலக்கத்தின் கடைசி எண் மட்டும் அவர்கள் வைத்திருந்த தாளோடு ஒத்துப்போகவில்லை. வாங்குபவர் முழுத் தீர்வையையும் கட்டிச் சரக்கை எடுத்தார், கொள்கலன் நின்ற நாளுக்குத் தாமதக் கட்டணமும் கட்டினார், அந்தப் பணத்தை அடுத்த இன்வொய்ஸில் எங்களிடம் கழித்துக்கொண்டார். எங்கள் முதலாளி கோபப்படவில்லை. “தம்பி, இனி அந்தப் பக்கம் சான்றிதழ் எடுக்காமலே அனுப்புவோம், தீர்வை கட்டுகிற விலைக்கே பேசிக்கொள்ளலாம்” என்றார். சாஃப்டாவைக் கைவிட்டது யார் என்று கேட்டால் நான் புதுடில்லியையும் இஸ்லாமாபாத்தையும் மட்டும் காட்டமாட்டேன். இப்படி ஒவ்வொரு கம்பனியாகச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு வருகிறது.

மே 8, இரவு

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எச்.எஸ். இலக்கத் தகராறு சாஃப்டாவுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை, எல்லா ஒப்பந்தத்திலும் வரும். வித்தியாசம் எங்கே என்றால், கூடுகிற அவை உள்ள ஒப்பந்தத்தில் அடுத்த கூட்டத்தோடு அது தீரும்.

மே 10

“அமைச்சர் என்ன செய்கிறார், எல்லாம் அதிகாரிகள் எழுதிவைத்ததில் கையெழுத்துத்தானே” என்று ஒரு ஐயா எழுதியிருக்கிறார். அவர் அரச சேவையில் இருந்தவர் என்று அவர் எழுத்திலேயே தெரிகிறது, அதனால் மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

உண்மைதான் ஐயா, அமைச்சர் வந்துதான் எச்.எஸ். இலக்கம் பார்க்கப்போவதில்லை. ஆனால் கூட்டத்துக்குத் திகதி இருந்தால்தான் கீழே வேலை நடக்கும். பரீட்சைத் திகதி போட்டால்தான் பிள்ளை புத்தகத்தைத் திறக்கும் என்பது மாதிரி. நிபுணர் குழுவில் எட்டு நாட்டுக்காரர் இருக்கிறார்கள், எட்டுப் பேரும் தலையாட்டினால்தான் எதுவும் நகரும், ஒருவர் “தலைநகரத்தில் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டால் அந்த விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். அமைச்சர்கள் இந்தத் திகதியில் கூடுகிறார்கள் என்றால் அந்தத் தலைநகரத்திலிருந்து பதில் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் அந்த நாட்டு அமைச்சர்தான் மற்ற ஏழு பேர் முன்னால் காரணம் சொல்ல வேண்டிவரும்.

தொடக்கத்தில் இது நடந்தது. முதல் கூட்டம் 2006 ஏப்ரலில் டாக்காவில், அந்த ஆண்டு ஜூலை 1இல் தீர்வைக் குறைப்புத் தொடங்கியது. மூன்றாவது கூட்டம் 2008 மார்ச்சில் புதுடில்லியில். 2012 பெப்ரவரியில் இஸ்லாமாபாத்தில் கூடியபோது இந்திய வர்த்தக அமைச்சர் ஆனந்த் சர்மாவே அங்கே போனார், அந்தப் பயணத்திலேயே இரண்டு நாடும் தங்கள் சொந்த வர்த்தகத்தையும் பேசின. எதிர்மறைப் பட்டியல்களை 20 வீதம் வெட்டுகிற இரண்டாம் கட்டமும் அந்தக் காலத்தில் வந்ததுதான். 2014 ஜூலையில் திம்புவில் கூடினார்கள். ஆக, கூட்டம் ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் பட்டியல் சுருங்கியது. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மே 11

ஒரு தம்பி கேட்கிறார், இந்தியா பாகிஸ்தான் சண்டை இல்லாவிட்டால் எல்லாம் சரியாகியிருக்குமா என்று.

பாதி சரியாகியிருக்கும். அந்தச் சண்டை ஒப்பந்தம் தொடங்கிய ஆண்டே உள்ளே வந்துவிட்டது. 2006இல் பாகிஸ்தான், இந்தியப் பொருள்களுக்கு மட்டும் தான் ஏற்கெனவே வைத்திருந்த அனுமதிப் பட்டியலுக்குள் உள்ளவற்றுக்கே சாஃப்டா சலுகை என்று அறிவித்தது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்று இந்தியா சொன்னது. சார்க் சாசனத்திலோ இருதரப்புத் தகராறுகளைப் பேசக்கூடாது, எல்லா முடிவும் ஏகமனதாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆக, சண்டைபிடிக்கிற இரண்டு பேரும் மேசையில் இருக்கிறார்கள், சண்டையைப் பற்றிப் பேசவும் முடியாது, அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு மற்றவர்கள் முடிவெடுக்கவும் முடியாது. 2019 பெப்ரவரியில் காஷ்மீரில் புல்வாமாத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா பாகிஸ்தான் சாமானுக்கு 200 வீதத் தீர்வை போட்டது, அந்த ஆண்டு ஓகஸ்டில் பாகிஸ்தான் வர்த்தகத்தையே நிறுத்தியது.

மற்றப் பாதி? கொழும்பும் டாக்காவும் காத்மாண்டுவும் மாலேயும் திம்புவும் தங்களுக்குள் முடிக்கக்கூடிய காரியங்கள் எவ்வளவோ இருந்தன. எல்லாரும் பெரிய இரண்டு பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

மே 11, கொஞ்ச நேரம் கழித்து

இதில் கொழும்புக்காரருக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தென்னாசியாவுக்குள் தீர்வைச் சலுகை என்ற யோசனைக்கு வழி பிறந்தது 1991 டிசம்பரில் கொழும்பில் நடந்த ஆறாவது உச்சி மாநாட்டில். அதிலிருந்துதான் 1993இல் டாக்காவில் கையெழுத்தான முன்னுரிமை வர்த்தக ஒப்பந்தம் வந்தது. சுதந்திர வர்த்தக வலயத்துக்கான ஒப்பந்தத்தை வரைவதற்கு நிபுணர் குழு அமைப்பது என்ற முடிவும் 1998 ஜூலையில் கொழும்பு மாநாட்டில்தான். 2008 ஓகஸ்டில் ஆப்கானிஸ்தான் சாஃப்டாவுக்குள் வருகிற ஆவணம் கையெழுத்தானதும் இங்கேதான். பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். பெரியவர்கள் இரண்டு பேரும் பேசாத நேரம் எல்லாரையும் கூப்பிடத் தகுதியுள்ள நகரம் இது, ஆனால் நாம் கூப்பிடுவதில்லை.

மே 13

மிளகு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இது சாஃப்டாவுக்குள்ளும் வருகிறது, வெளியேயும் போகிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்தியாவுக்கு இருதரப்பு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 தொன் மிளகு தீர்வையில்லாமல் போகலாம். அதைத் தாண்டினால் சாஃப்டா, அதில் 8 வீதம். இரண்டும் இல்லாமல் சாதாரண வழியில் போனால் 70 வீதம். மாத்தளை, கண்டிப் பக்கத்து மிளகுக்காரருக்கு இந்த இரண்டாவது கதவு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். சாஃப்டா செத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் ஒரு மிளகு ஏற்றுமதியாளரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

அந்தக் கதவாலேயே தொல்லையும் வந்தது. வியட்நாம் மிளகு இங்கே வந்து இலங்கை மிளகாகி இந்தியாவுக்குப் போகிறது என்று அங்கே விவசாயிகள் சத்தம்போட்டார்கள், இங்கே நம் விவசாயிகளும் வீதிக்கு வந்தார்கள், காரணம் இறக்குமதி மிளகால் தோட்டத்து விலை விழுந்தது. 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்த மிளகு வரக்கூடாது என்று ஒரு குறைந்தபட்ச இறக்குமதி விலையைப் போட்டது. பிறகு 2020 செப்டெம்பர் 21 முதல் கரோடார் என்கிற இந்தியச் சுங்க விதிகள். அதன்படி இந்திய இறக்குமதியாளர் கையில் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, சரக்கு எங்கே எப்படி விளைந்தது, உள்நாட்டுப் பெறுமதி எவ்வளவு என்ற விவரத்தையும் அவர் வைத்திருக்க வேண்டும். அதனால் எனக்கு இப்போது ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் தோட்டக்காரரிடமிருந்து வாங்கிய பற்றுச்சீட்டு முதல் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி அனுப்பும் வேலை.

எனக்கு இந்தியா மேல் கோபம் இல்லை. கள்ளச் சரக்கு போனது உண்மை. என் வருத்தம் என்னவென்றால், இது இரண்டு பக்கமும் சேர்ந்து உட்கார்ந்து தீர்த்திருக்க வேண்டிய விஷயம். எந்தத் திணைக்களம் எத்தனை நாளில் சரிபார்த்துப் பதில் தரும், பிடிபட்டவரை மட்டும் எப்படி நிறுத்துவது என்று ஒழுங்குசெய்யத்தான் நிபுணர் குழு இருக்கிறது, தகராறு தீர்க்கிற சபையும் அதுவேதான். அது ஓடாத இடத்தில் பெரிய நாடு தன் சொந்த விதியைப் போடும், அதில் நேர்மையாக அனுப்புகிறவனும் மாட்டிக்கொள்வான்.

மே 13, இரவு

வியட்நாம் மிளகு இங்கே வருவதைத் தடுத்திருக்கலாமே என்று கேட்பவருக்கு: அது நம் அரசாங்கத்தின் கையில் இருந்தது, அமைச்சர் அவையின் கையில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

மே 15

நம் பக்கத்துக் குறையையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இது நியாயமான பேச்சு ஆகாது.

சாஃப்டாவில் நாம் குறைத்தது சுங்கத் தீர்வையை. அதற்கு மேலே செஸ் வரி இருக்கிறது, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி இருக்கிறது. நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை மூட்டையாக இறங்குகிற பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்புக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விசேட வியாபாரப் பண்ட வரி என்று ஒன்று போடுவார்கள். ஒரு கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வர்த்தமானியில் வரும், மற்ற வரிகளுக்கெல்லாம் பதிலாக அது ஒன்றே. அறுவடைக் காலத்தில் ஏறும், பண்டிகைக் காலத்தில் இறங்கும். விவசாயியைக் காப்பாற்ற அது தேவை என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை, தம்புள்ளையிலும் யாழ்ப்பாணத்திலும் வெங்காயம் போடுகிறவனின் கஷ்டம் உண்மையானது. ஆனால் தீர்வையைக் குறைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு பெயரில் வரியைக் கூட்டினால் எதிர்ப் பக்கமும் அதையே செய்யும். பங்களாதேஷில் ஒழுங்குபடுத்தும் தீர்வை, மேலதிகத் தீர்வை என்று அடுக்கிவைத்திருக்கிறார்கள். டாக்காவில் வாங்குபவர் என்னிடம் “உங்கள் சான்றிதழால் எனக்கு மிச்சமாவது தேநீர்க் காசு” என்று ஒரு தடவை போனில் சொன்னார், வைதும் சொல்லவில்லை, சிரித்தும் சொல்லவில்லை, கணக்கைச் சொன்னார்.

வேறு பெயரில் வருகிற இந்த வரிகளை மேசையில் போட்டு ஒருவருக்கொருவர் குறைக்கச் சொல்லவும் அந்த அவைதான் இடம். அதைத் தவிர வேறு எங்கே போய்க் கேட்பது?

மே 17

ஆப்டா. எழுதுவேன் என்று சொன்னது.

இது சார்க்குக்கும் பழையது. 1975 ஜூலை 31இல் பாங்கொக்கில் கையெழுத்தானபோது பாங்கொக் ஒப்பந்தம் என்று பெயர். தொடக்கத்திலேயே இலங்கை உண்டு, இந்தியா, பங்களாதேஷ், தென்கொரியா, லாவோஸ் உண்டு. பிலிப்பைன்ஸும் தாய்லாந்தும் கையெழுத்துப் போட்டும் ஏற்புறுதி செய்யவில்லை. 2001இல் சீனா வந்தது. 2005 நவம்பரில் பீஜிங்கில் முதலாவது அமைச்சர் அவை கூடித்தான் ஆசிய பசுபிக் வர்த்தக ஒப்பந்தம் என்று பெயரை மாற்றினார்கள். அதாவது முப்பது ஆண்டு அமைச்சர் மட்டத்து அவையே இல்லாமல் கிடந்த ஒப்பந்தம் இது. அந்த முப்பது ஆண்டில் அது எவ்வளவு நகர்ந்தது என்று யாராவது பழைய ஏற்றுமதியாளரிடம் கேட்டால் சொல்வார்.

அவை வந்த பிறகு 2006 செப்டெம்பர் 1இல் மூன்றாம் சுற்றுச் சலுகைகள் நடைமுறைக்கு வந்தன. 2007இல் கோவாவிலும் 2009இல் சியோலிலும் கூடினார்கள். அதற்குப் பிறகு 2017 ஜனவரியில் பாங்கொக். நடுவில் ஏழு ஆண்டு இடைவெளி, நாலாம் சுற்றும் அவ்வளவு காலம் இழுபட்டது. 2018 ஜூலை 1இல்தான் அது நடைமுறைக்கு வந்தது, சலுகை பெறும் பொருள்களின் எண்ணிக்கை முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் போனது. 2021இல் மங்கோலியாவும் சேர்ந்தது. அமைச்சர்கள் கூடின ஆண்டையும் சலுகை வந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், நான் மே 10ஆம் திகதி சொன்னது இங்கேயும் தெரியும்.

சீனாவுக்கு அனுப்புகிறவர்களில் இன்னும் பலருக்கு ஆப்டா சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வொக்ஸோல் வீதியில் ரக்‌ஷண மந்திரயவில் இருக்கிற வர்த்தகத் திணைக்களத்தில்தான் அதையும் கொடுக்கிறார்கள். போய்க் கேளுங்கள்.

மே 18

சாஃப்டாவில் உள்நாட்டுப் பெறுமதி எவ்வளவு வேண்டும் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: இந்தியா, பாகிஸ்தானுக்கு 40 வீதம், இலங்கைக்கு 35, மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகளுக்கு 30. அதோடு இறக்கிய மூலப்பொருளின் எச்.எஸ். இலக்கம் நாலு இலக்க மட்டத்தில் மாறியிருக்க வேண்டும். ஆப்டாவில் நமக்கு 45. மிளகு, கறுவா மாதிரி முழுக்க இங்கே விளைவதற்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அந்த 35 நமக்குச் சும்மா வந்ததில்லை, சின்னப் பொருளாதாரம் என்று கேட்டு வாங்கியது. தீர்வையை 0 முதல் 5 வீதத்துக்குக் கொண்டுவர இந்தியா, பாகிஸ்தானைவிட நமக்கு ஒரு ஆண்டு கூடக் கிடைத்ததும் அப்படித்தான்.

மே 20

“சாஃப்டாவை விடுங்கள், ஆர்செப்பில் சேரப்போகிறோம், அது போதும்” என்று எழுதியிருக்கிறீர்கள். சேருவதை நானும் விரும்புகிறேன். ஆர்செப் என்ற பிராந்திய வர்த்தக ஒப்பந்தம் 2020 நவம்பரில் கையெழுத்தானது, 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது, பதினைந்து நாடுகள். நடைமுறைக்கு வந்து பதினெட்டு மாதத்துக்குப் பிறகுதான் புதியவர்களுக்குக் கதவு திறக்கும் என்று விதி, இலங்கை 2023இல் விண்ணப்பித்தது.

ஆனால் அங்கே என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதுவும் ஆண்டுதோறும் அமைச்சர்கள் கூடி, கூட்டுக் குழு அறிக்கை கொடுத்து, அதற்குக் கீழே பொருள், சேவை, முதலீடு என்று குழுக்கள் ஓடுகிற அமைப்பு. ஆசியானில் அவர்களுக்கு இது 1992இலிருந்து பழகிய வேலை, தங்கள் சுதந்திர வர்த்தக வலயத்துக்கு ஆஃப்டா அவை என்று வைத்து ஆண்டு தவறாமல் கூடிக்கூடிப் பழகியவர்கள். அந்த மேசையில் போய் உட்காரும்போது நம் ஆள் வெறும் கையோடு போகக்கூடாது. எட்டு நாட்டு அவையிலேயே எச்.எஸ். பட்டியலைத் தூக்கிக்கொண்டுபோய்க் கேட்காத நாடு பதினைந்து நாட்டு அவையில் என்ன கேட்கும்?

இதில் நம் வீட்டுக்குள் இருக்கிற சிக்கல், யார் போவது என்பதே. 2015க்குப் பிறகு சர்வதேச வர்த்தகம் மலிக் சமரவிக்ரமவின் அமைச்சில் இருந்தது, வணிகம் ரிஷாட் பதியுதீனின் கைத்தொழில் வணிக அமைச்சில் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அமைச்சுகள் பெயர் மாறின, சேர்ந்தன, பிரிந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் பைல் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகிறது, அதைத் தெரிந்த அதிகாரி வேறெங்கோ போகிறார். மேலே எழுதிய ஐயாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

மே 21

ஐயா பதில் எழுதியிருக்கிறார். தெரியும் என்கிறார், அதைவிட மோசம் என்கிறார். அமைச்சர்களுக்குப் பயணத்துக்கு முன் கொடுக்கிற குறிப்பில் வர்த்தகர்களின் குறை ஒரு பக்கம்கூட வராது, காரணம் வர்த்தகர்கள் எழுதிக் கொடுப்பதில்லை, வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், வாயால் சொன்னதைப் பைலில் போட முடியாது என்கிறார்.

இரவு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது சரி. அந்தச் சாதிக்காய்ச் சரக்கு நின்றபோது எங்கள் கம்பனியிலிருந்து திணைக்களத்துக்குப் போன் போனது, கடிதம் போகவில்லை. புறக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கிற வார்ஃப் கிளார்க்மார் ஒருவருக்கொருவர் சொல்லித் தெரிந்துவைத்திருக்கிற விஷயங்களைத் தாளில் எழுதினால் ஒரு புத்தகமே வரும்.

மே 24

முதலில் கேட்டவர், “சரி, இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்?” என்கிறார். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

அமைச்சர் அவை நாளைக்கே கூடிவிடாது. ஆனால் நிபுணர் குழுவைக் கூட்டும்படி இலங்கை கேட்கலாம், அது காணொளியில் கூடினாலும் போதும். கேட்கும்போது அரசியல் இல்லாத ஒரே ஒரு விஷயத்தை வைக்கலாம்: எல்லா நாட்டுப் பட்டியலையும் 2022 எச்.எஸ். பதிப்புக்கு ஒத்திருக்கும்படி சரிபார்த்து ஒரே இடத்தில் வெளியிடுவது. இதற்கு இந்தியாவும் மறுப்புச் சொல்லக் காரணமில்லை, பாகிஸ்தானும் மறுப்புச் சொல்லக் காரணமில்லை. அடுத்தது எதிர்மறைப் பட்டியல். ஏழாம் உறுப்புரைப்படி நாலு ஆண்டுக்கு ஒரு தடவையோ அதற்கு முன்னோ அதை மீளாய்வு செய்ய வேண்டும். 2011இல் மன்மோகன் சிங் மாலைதீவு மாநாட்டில் மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகளுக்கான இந்தியப் பட்டியலை 25 பொருளாகக் குறைத்தார். விருப்பம் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதுவே சாட்சி. நமக்கு அந்தச் சலுகை இல்லை, அந்த வகுப்பில் நாம் இல்லை, அதனால் நாம்தான் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் கையில் ஆதாரம் வேண்டும். ஐயா சொன்ன அந்த ஒரு பக்கத்தை நாமே எழுதுவோம். கடந்த இரண்டு மூன்று ஆண்டுக்குள் சாஃப்டா அல்லது ஆப்டா சான்றிதழ் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், சரக்கு நின்றவர்கள், முழுத் தீர்வை கட்டினவர்கள் எல்லாரும் இங்கே எழுதுங்கள். கம்பனிப் பெயர் வேண்டாம், வாங்கியவர் பெயர் வேண்டாம். பொருள், சான்றிதழில் போட்ட எச்.எஸ். இலக்கம், எந்த நாடு, எழுத்தில் என்ன காரணம் சொன்னார்கள், எவ்வளவு மேலதிகமாகப் போனது, இவ்வளவும் போதும். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். ஐயா அதைத் திணைக்களத்துக்குப் போகிற வடிவத்தில் ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித்தர ஒருவர் வேண்டும், முடிந்தவர் சொல்லுங்கள்.

மே 25

இரண்டு வந்திருக்கிறது. ஒன்று கராம்பு, இன்னொன்று தேங்காய்த் தும்பு. தும்பு அனுப்பிய அண்ணன், சான்றிதழின் பின்பக்கத்தில் அந்த நாட்டு அதிகாரி பேனாவால் எழுதிய குறிப்பின் படத்தையும் போட்டிருந்தார், நன்றி. அதில் கம்பனி முத்திரை தெரிகிறது, மறைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.